முழுக்கட்டை ரைஃபிள்களை அடையாளம் காணும் முறை: ஸ்டெயர், மவுசர், புர்னோ

குழல்முனை வரை மரம் ஓடும் வேட்டை ரைஃபிள்களை ஆஸ்திரியர்களும் ஜெர்மானியர்களும் ஷ்டூட்சன் என்பார்கள். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் ஏறி இறங்குகிறவர்களுக்காகக் குட்டையாகவும் எடை குறைவாகவும் செய்யப்பட்டவை. பாறையில் உரசும்போது குழலுக்கு மரமே காப்பு. 1903 முதல் 1970களின் தொடக்கம் வரை ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆலையில் உருவான மான்லிகர்-ஷோனாவர் இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது. அந்தப் புகழே வாங்குகிறவருக்குத் தொல்லையும் ஆகிவிட்டது. விற்பனை விளம்பரங்களில் முழுக்கட்டை போட்ட எதையும் ‘மான்லிகர்’ என்று எழுதிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது ஜெர்மன் மவுசராக இருக்கலாம். போர்க்காலப் பட்டாளத் துப்பாக்கியை யாரோ பட்டறையில் அறுத்துச் செதுக்கியதாகவும் இருக்கலாம்.

ஒரு ரைஃபிளில் மாற்றுவதற்கு மிக எளிதான பாகம் கட்டைதான். ஆகவே அடையாளம் காண்பதைக் கட்டையிலிருந்து தொடங்கக் கூடாது. ரிசீவர் (குழலின் பின்முனை பொருந்தும் இரும்புக் கூடு), முத்திரைகள், தோட்டா அறை, குழல் என்று இரும்பை எல்லாம் படித்துவிட்டு, கடைசியில் மரத்துக்கு வாருங்கள். கீழே உள்ள வரிசை அதுதான்.

முதலில் சட்டம்

இவற்றில் பெரும்பாலானவை இன்றும் சுடக்கூடியவை. வயதாகிவிட்டது என்பதற்காக இவற்றுக்குத் தானாக உரிமவிலக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழங்காலப் பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால், பழுது பார்த்தோ பார்க்காமலோ அவற்றைச் சுடுகருவியாகப் பயன்படுத்த முடியாது என்ற நிலை இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள 1903 கார்பைன் (குட்டைக் குழல் ரைஃபிள்) அதில் வராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி ‘ஆன்டிக்’ என்பதற்கான எல்லை 1898. 1903 மாடல் அதைத் தாண்டிப் பிறந்தது. உங்கள் நாட்டு விதியைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

1. கையில் எடுத்ததும்

போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் கைப்பிடித் தண்டை, திற. அறையையும் மேகசினையும் (தோட்டாக்கள் அடங்கும் பகுதி) கண்ணால் பார், பிறகு விரலால் தொட்டுப் பார். இருட்டான மேகசினில் ஒரு தோட்டா ஒளிந்திருப்பது அரிதல்ல. அதிலும் சுழல் மேகசினில், மேலே எதுவும் தெரியாதபோதும் திறப்பில் விரல் வைத்து அழுத்திப் பார்ப்பது அவசியம்.

2. செயல்பாட்டு அமைப்பைப் பிரித்தறிதல்

உண்மையான மான்லிகர்-ஷோனாவருக்கு இரண்டு அடையாளங்கள் போதும். ஒன்று, பிளந்த பின்பாலம்: போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது அதன் கைப்பிடி ரிசீவரின் பின்பகுதியில் உள்ள வெட்டின் ஊடே செல்லும். பூட்டிய நிலையில் கைப்பிடி அந்தப் பாலத்துக்கு முன்னால் நிற்கும். மவுசரில் கைப்பிடி பாலத்துக்குப் பின்னால்தான் இருக்கும். தொலைவிலிருந்து எடுத்த புகைப்படத்தில்கூட இந்த வேறுபாடு தெரியும்.

இரண்டாவது, ஷோனாவரின் சுழல் மேகசின். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதில்லை. வில்விசையால் சுழலும் ஓர் உருளையைச் சுற்றி ஐந்து தோட்டாக்கள் அமர்கின்றன. அடித்தகட்டின் முன்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். தோட்டா முனையால் அதில் அழுத்திக்கொண்டு தகட்டை 90 பாகை திருப்பினால், மேகசின் முழுவதும் கீழே இறங்கிக் கையில் வரும். வாங்கும் முன் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். வராவிட்டால் பல்லாண்டு அழுக்கோ, யாரோ திருகி வளைத்த தகடோ காரணம்.

உருளை ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாகக் கடைந்தது. 6.5×54க்குச் செய்த உருளை 9×56ஐ ஒழுங்காகத் தூக்காது (முன் எண் துளை அளவு, பின் எண் தோட்டாக் கூட்டின் நீளம், இரண்டும் மி.மீ.இல்). முற்காலத்தில் குழலை மாற்றி வேறு தோட்டாவுக்கு ஆக்கிய ரைஃபிள்கள் நிறைய உண்டு. பலரும் உருளையை மாற்ற மறந்துவிட்டார்கள். சோதனை எளிது: வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத ஐந்து போலித் தோட்டாக்களை ஏற்றி, போல்ட்டை மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை இயக்குங்கள். எங்கே தட்டுகிறது என்று கவனியுங்கள். நீண்ட உருண்டை முனைக் குண்டுகளுக்காக அமைத்த மேகசின் இது. கூர்முனைக் குண்டு போட்டுத் தடுமாறினால் அதை உடனே ரைஃபிளின் குறையென்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

போல்ட்டைக் கழற்றியதும் அதன் தலைப்பகுதியைப் பாருங்கள். மான்லிகரில் போல்ட் தலை தனிப் பாகம். அது இருக்கிறதா, நன்றாக உட்கார்ந்திருக்கிறதா, போல்ட் எண் ரிசீவர் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். எண் பொருந்தாத போல்ட் என்றால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் அறையில் தோட்டா தாங்கி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) சரியாக இருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. துப்பாக்கித் தொழிலாளி கேஜ் போட்டு அளக்கும் வரை அதைச் சுடக் கூடாது.

மவுசர் வகை என்றால் இரண்டு குடும்பங்கள் முக்கியம். மவுசரின் ஓபர்ண்டார்ஃப் ஆலையே செய்த எம் வகையில் சுமார் 50 செ.மீ. குழல், எஃகு முனைமூடி, தட்டைக் கைப்பிடி எல்லாம் உண்டு. ரிசீவரில் மவுசர் பதாகை முத்திரை இருக்கும். இரண்டாவது, செக்கோஸ்லோவாக்கியாவின் புர்னோ நகரில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் செய்த 22எஃப். அரைக்கட்டை போட்ட 21எச் அதன் உடன்பிறப்பு. ரிசீவரின் இரு பாலங்களும் சதுரமாகவும், தொலைநோக்கி மாட்ட மேலே புறாவால் வடிவ வெட்டுகளோடும் இருப்பதால் புர்னோவை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம். பயன்படுத்துவதற்காக முழுக்கட்டை தேடுகிறவருக்கு, புகழ்பெற்ற பெயர்களைவிட 22எஃப் நல்ல பேரம்.

3. மாடலும் குழல் நீளமும்

போருக்கு முந்தைய ஸ்டெயர் ரைஃபிள்களின் ரிசீவரில் மாடல் ஆண்டு செதுக்கியிருக்கும். ஆண்டு என்பது வடிவமைப்பின் ஆண்டு. அந்தத் துப்பாக்கி செய்த ஆண்டல்ல. 1903 என்று எழுதிய ரைஃபிள் 1920களில் பிறந்திருக்கலாம்.

1903 மாடல் 6.5×54 தோட்டாவுக்கானது, முழுக்கட்டைக் கார்பைனின் குழல் 45 செ.மீ. 1905 மாடல் 9×56, 1908 மாடல் 8×56, 1910 மாடல் 9.5×57. இந்த மூன்றின் கார்பைன் குழல்கள் சுமார் 50 செ.மீ. பிரிட்டனில் 9.5×57ஐ .375 ரிம்லெஸ் என்ற பெயரில் விற்றார்கள். 1920களின் நடுவில் அமெரிக்கச் சந்தையை நோக்கி, .30-06 போன்ற நீளமான தோட்டாக்களுக்கு ஏற்ற ‘ஹை வெலாசிட்டி’ மாடல்கள் வந்தன. போருக்குப் பின் 1950, 1952, 1956, 1961 மாடல்கள். 1952இல் போல்ட் கைப்பிடி பின்னோக்கிச் சாய்ந்தது. 1956இல் தொலைநோக்கிக்கு ஏற்றவாறு கன்னத்தாங்கல் உயர்ந்தது. சேகரிப்பாளர்கள் மிகுதியாகத் தேடுவது முதல் உலகப் போருக்கு முந்தைய 1903 கார்பைனைத்தான். யானை வேட்டைக்குப் பேர்போன டபிள்யூ.டி.எம். பெல் 6.5×54ஐப் பயன்படுத்தியது அதன் விலையை இன்றும் தூக்கி நிறுத்துகிறது. அந்தப் புகழைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 8×56 கார்பைன் அதே தரத்தில், பெரும்பாலும் குறைந்த விலையில் கிடைக்கும்.

குழலை எப்படி அளப்பது? போல்ட்டை மூடி, குழல்முனையிலிருந்து ஒரு மரக்குச்சியை விட்டு, போல்ட் முகத்தில் முட்டும் இடத்தில் குறிபோட்டு அளக்க வேண்டும். 1903 கார்பைன் என்று சொல்லி 50 செ.மீ. வந்தால் குழல் மாறியிருக்கலாம். 42 வந்தால் யாரோ முனையை அறுத்துவிட்டார்கள். முன்குறியின் (குறிபார்க்கும் முனை) அடித்தளம் பற்றவைத்த தடயத்தைத் தேடுங்கள்.

4. முத்திரைகள்

நிறுவனத்தின் பெயரே ஒரு தேதிக்குறிப்பு. யோசஃப் வெர்ண்டல் தொடங்கிய ஆலை 1869இல் ‘ஆஸ்திரிய ஆயுத ஆலைக் கழகம்’ என்ற பங்கு நிறுவனமானது. ரிசீவரில் இதன் ஜெர்மன் பெயர் சுருக்கமாக இருக்கும். 1926இல் அது ஸ்டெயர்-வெர்க்கே ஆனது. 1934 இணைப்புக்குப் பின் ஸ்டெயர்-டைம்லர்-புக். பழைய பாகங்களை ஆலைகள் தூக்கி எறிவதில்லை என்பதால், பெயர் மாறிய ஆண்டை ஒட்டிய துப்பாக்கிகளில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

குழல் தாங்குமா என்று சுட்டுச் சோதித்ததற்கான சோதனை முத்திரை இன்னும் திட்டவட்டமானது. ஆஸ்திரியாவில் வியன்னா, ஃபெர்லாக், பிராக், வைபர்ட் ஆகிய நான்கு இடங்களில் சோதனைச் சாலைகள் இருந்தன. வியன்னாவில் புகையில்லா மருந்தால் சோதித்ததற்கு என்.பி.வி. என்ற எழுத்துகள். அருகில் பதிவேட்டு எண்ணும், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்க ஆண்டும் இருக்கும். 1234.27 என்று இருந்தால் 1927இல் 1234ஆவது பதிவு. வரிசை எண் அட்டவணையைத் தேடி அலைவதைவிட, குழலின் அடியில் உள்ள இந்த இரண்டு இலக்கம் விரைவான பதில்.

ஜெர்மன் குழல்களில் 1893 முதல் கிரீடத்தின் கீழ் எழுத்துகள். பி என்றால் வெடித்துச் சோதித்தது, ஜி என்றால் புரியிட்ட (உள்ளே சுழல் பள்ளங்கள் வெட்டிய) குழல், யூ என்றால் பார்வைச் சோதனை, என் என்றால் நைட்ரோ (புகையில்லா) மருந்துச் சோதனை. 1940 முதல் கிரீடம் போய்க் கழுகு வந்துவிட்டது. கழுகு-என் முத்திரை உள்ள குழலை ‘முதல் உலகப் போருக்கு முந்தையது’ என்று விற்கிறவரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். சூல் நகரக் குழல்களில் 1920கள், 1930களில் மாதமும் ஆண்டும் சேர்ந்தே இருக்கும்: 4.27 என்றால் 1927 ஏப்ரல்.

பழைய ஜெர்மன் குழல்களில் 172,28 அல்லது 118,35 போன்ற விசித்திர எண்களைப் பார்த்துப் பலரும் குழம்புவார்கள். ஒரு ராத்தல் ஈயத்தை அத்தனை உருண்டைகளாகப் பிரித்தால், ஒரு உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே குழலின் துளை அளவு. 42.4ஐ அந்த எண்ணின் கனமூலத்தால் வகுத்தால் மில்லிமீட்டரில் கிடைக்கும். 172,28க்கு 7.62, 118,35க்கு 8.64. இது தோராயமான சோதனைக் குச்சியின் அளவுதான். இதை வைத்துத் தோட்டாவை முடிவு செய்யக் கூடாது. பிற்காலத்தில் 7,8/57 போன்ற நேரடி அளவுகள் வந்தன: முன்னது துளை, பின்னது தோட்டாக் கூட்டின் நீளம்.

பிரிட்டனுக்குப் போன துப்பாக்கிகளில் லண்டன் அல்லது பர்மிங்காம் முத்திரைகள் கூடுதலாக இருக்கும். ‘நாட் இங்லிஷ் மேக்’ என்று இருந்தால், 1925க்குப் பிறகு அங்கே சோதனைக்குப் போனது என்று பொருள். குழலின் மேல் லண்டன் வணிகர் பெயர் இருப்பது செய்தவர் பெயரல்ல; அவர்கள் ஸ்டெயரிடமிருந்து வாங்கித் தங்கள் பெயரில் விற்றவர்கள். ஆனால் அந்தப் பெயருக்கு விலை உண்டு. ஆகவே போலியாகப் பொறிப்பதும் நடக்கும். எழுத்தின் ஓரம் நீலப்பூச்சைக் கிழித்துக்கொண்டு பளபளப்பாக இருந்தால் பூச்சுக்குப் பின் வெட்டியது.

5. தோட்டா அறை: தவறினால் உயிருக்கே ஆபத்து

குழலில் எழுதியிருப்பதை நம்பித் தோட்டா போடாதீர்கள். பெயர்கள் குழப்பம் நிறைந்தவை. 6.5×54 மான்லிகர்-ஷோனாவர் வேறு, 6.5×54 மவுசர் வேறு. இரண்டும் ஒரே நீளம். ஆனால் முன்னதன் அடிவிட்டம் சுமார் 11.5 மி.மீ., பின்னது 8×57 குடும்பம் என்பதால் 12ஐ ஒட்டியது. 8×56 மான்லிகர் வேறு, ஹங்கேரியின் விளிம்புள்ள 8×56ஆர் வேறு. 9×56, 9×57 இரண்டும் அப்படித்தான்.

மிக மோசமானது 8×57. பழைய ‘ஐ’ குழலுக்கு .318 அங்குலக் குண்டு, ‘எஸ்’ குழலுக்கு .323. பெரிய குண்டைச் சிறிய குழலில் சுட்டால் அழுத்தம் எகிறும். ஜெர்மன் குழலில் 7,8/57 என்றால் பொதுவாகப் பழையது, 7,9/57 என்றால் எஸ். அப்படியே இருந்தாலும் அளந்து பாருங்கள்.

குழலை அளக்க, துளையைவிடச் சற்றுப் பெரிய தூய ஈய உருண்டைக்கு எண்ணெய் தடவி, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டிக் குழலின் ஊடே வெளியே தள்ளுங்கள். அதன் எதிரெதிர் மேடுகளை மைக்ரோமீட்டரில் அளந்தால் பள்ளத்துக்குப் பள்ளம் விட்டம் கிடைக்கும்.

அறையின் வார்ப்புக்கு செர்ரோசேஃப் என்ற குறைவெப்ப உலோகக்கலவை வேண்டும். 70 முதல் 88 பாகை செல்சியசில் உருகும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்த சிறு கிண்ணமே போதும். போல்ட்டைக் கழற்றி, அறையைச் சுத்தம் செய்து, மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டு, அறைக்கு ஒன்றிரண்டு செ.மீ. முன்னால் துணி அடைப்பு வையுங்கள். குழல் கீழ்நோக்கி இருக்கட்டும். சிறு புனலால் ஊற்றி, அறையின் வாய் வரை மட்டும் நிரப்புங்கள். ரிசீவருக்குள் வழிந்தால் எடுப்பதே பெரும்பாடு. இந்த உலோகம் முதல் அரைமணி நேரத்தில் சிறிது சுருங்கும், பிறகு விரியும். சுருங்கியிருக்கும்போதே குழல்முனையிலிருந்து தள்ளி எடுத்துவிட வேண்டும். ஊற்றிய ஒரு மணி நேரத்தில் அறையின் உண்மை அளவுக்கு வந்துவிடும். அப்போது அளக்க வேண்டும். மறுநாள் அளந்தால் பெரிதாகக் காட்டும்.

குழலின் உள்ளே: பழைய பிரைமர்கள் பல அரிப்பவை. சுத்தம் செய்யாமல் விட்ட குழலில் புள்ளிபுள்ளியாகக் குழிகள் இருக்கும். பழைய எஃகுக் கம்பியைக் குழல்முனையிலிருந்து விட்டுத் துடைத்ததால் முனையின் புரிகள் ஒருபக்கம் தேய்ந்திருப்பதும் வழக்கம். குண்டை முனையில் செருகிப் பார்த்தால், அது ஆழமாகவும் தளர்வாகவும் இறங்கும்.

6. இரட்டை விசை

பெரும்பாலான ஷ்டூட்சன்களில் இரண்டு விசைகள் இருக்கும். பின்விசையை இழுத்தால் ‘கிளிக்’ என்று ஏறும். அதன்பின் முன்விசை தொட்டாலே விழும். காலி ரைஃபிளில், பின்விசையை ஏற்றி, பிட்டத்தை ரப்பர் விரிப்பில் உள்ளங்கை உயரத்திலிருந்து சில முறை தட்டுங்கள். தானாக விழுந்தால், இரு விசைகளுக்கும் இடையே உள்ள சிறு திருகு மிகையாகத் திருகப்பட்டிருக்கிறது, அல்லது கொக்கி தேய்ந்திருக்கிறது. முதலாவதைச் சரிசெய்யலாம், இரண்டாவதற்குத் தேர்ந்த கை வேண்டும். ஏற்றாமலே முன்விசை சுடுகிறதா என்பதையும் பாருங்கள். அதுதான் வழக்கமான பயன்பாடு.

7. இப்போது மரம்

கட்டையைக் கழற்றும்போதுதான் மிகுதியான சேதம் நடக்கிறது. முதலில் முனைமூடித் திருகு; அடுத்து வார் வளையத்தின் திருகோ குறுக்காப்போ இருந்தால் அது; கடைசியில்தான் விசைக்காப்பின் முன்பின் திருகுகள். வரிசையை மாற்றி, குழலை முனையிலிருந்து நெம்பினால் மெல்லிய முன்கட்டை விரலளவுக்குப் பிளந்துவிடும். திருகாணியின் முகப்பும் அலகும் சரியாகப் பொருந்தட்டும். இந்தத் திருகுகளின் வெட்டு மெல்லியது, சிதைந்த வெட்டு விலையைக் குறைக்கும்.

உள்ளே பார்க்க வேண்டியவை: குழல் பள்ளத்திலோ பிட்டத் தகட்டின் அடியிலோ ரைஃபிளின் எண் இருக்கிறதா? பின்வாங்கல் அடிக்கும் இடத்துக்குப் பின்னும், பின்திருகைச் சுற்றியும் விரிசல் உண்டா? எண்ணெய் ஊறிக் கறுத்த மரம் அங்கே மென்மையாகி நசுங்கியிருக்கும். முனைமூடிக்கு வெட்டிய இடம் கூர்மையாக இருந்தால் ஆலை வேலை. மாவு போட்டு நிரப்பியிருந்தால், அரைக்கட்டையாக அறுத்ததை மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு பெரும்பாலும் பின்குறிக்குச் சற்று முன்னாலோ வார் வளையத்தின் அடியிலோ ஒளிந்திருக்கும். மரத்தின் இழையோட்டம் அந்த இடத்தில் திடீரென மாறுகிறதா என்று வெயிலில் சாய்த்துப் பாருங்கள்.

வெளியே: இரும்பின் விளிம்பைவிட மரம் தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். பிடியின் கட்டக்கோடுகளின் கூர் மழுங்கியிருப்பதும் அதற்குச் சாட்சி. போருக்கு முந்தைய ஸ்டெயர் கார்பைன்களில் எஃகுப் பிட்டத் தகட்டில் ஒரு சிறு கதவு இருக்கும்; உள்ளே துண்டுதுண்டாக இணைக்கும் துடைப்புக் கம்பி. பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். கம்பி இருந்தால் அதற்கே தனியாகப் பேரம் பேசுகிறார்கள்.

முழுக்கட்டைக்கு ஓர் இயல்பான பலவீனமும் உண்டு. ஈரம் ஏறினால் முன்கட்டை வளைந்து குழலை ஒருபக்கம் தள்ளும். மழைக்காலத்தில் அடித்த இடம் கோடையில் மாறும். குழல் பள்ளத்தில் மெழுகு தடவுவது இதைக் குறைக்கும். பள்ளத்தை அகலமாகச் சுரண்டி ‘மிதக்க’ விடுகிறவர்கள் சேகரிப்பு மதிப்பைச் சுரண்டிவிடுகிறார்கள்.

8. விலை பேசும்போது

மான்லிகரின் பிளந்த பாலத்தில் தொலைநோக்கி மாட்டுவது சிரமம். பழைய வழி, கொக்கித் தாங்கிகள். இவற்றில் ரைஃபிளின் எண்ணே பொறித்திருந்தால், தொலைநோக்கியும் காலத்துக்கு ஏற்றதாக இருந்தால், மதிப்பு கூடும். பின்னாளில் ரிசீவரின் பக்கவாட்டில் துளையிட்டுப் பக்கத்தாங்கி மாட்டினார்கள். ஒவ்வொரு கூடுதல் துளையும் மதிப்பைக் குறைக்கும். திருகால் அடைத்து நீலம் பூசியிருந்தாலும் விரல்நுனியில் தெரியும். மறுபடி நீலம் பூசியதைக் கண்டுபிடிக்க, திருகுத்துளைகளின் ஓரங்களைப் பாருங்கள்: மெருகேற்றும்போது துளைவாய் கிண்ணம் போல் குழிந்திருக்கும், எழுத்துகள் ஆழம் குறைந்திருக்கும்.

பட்டாளத்துப் பிறப்பை மறைத்தவை தனி வகை. கிரேக்கப் படை 1903இல் மான்லிகர்-ஷோனாவரை ஏற்றது. அவற்றைக் குட்டையாக்கி வேட்டை ரைஃபிளாக விற்றவையும் உண்டு. ரிசீவர் வளையத்தின் மேல் இலச்சினை இருந்த இடத்தில் அரத்தின் தடம், வளையத்தின் வட்டம் சற்றுத் தட்டையாகியிருப்பது, போல்ட் எண் பொருந்தாமை ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே விலையைப் பாதியாகப் பேசத் தயங்க வேண்டாம்.

வாங்குமிடங்களில் வியன்னாவின் டோரோதியம், பிரிட்டனின் ஹோல்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பட்டியல்களைத் தொடர்ந்து பார்த்தால், முத்திரைப் புகைப்படங்களே நல்ல பாடம். குழலின் அடியில் எடுத்த படம் இல்லாத விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். கேட்டால் நேர்மையான விற்பனையாளர் எடுத்து அனுப்புவார்.

வீட்டில் வைக்கும்போது குழல்முனையைக் கீழே வைத்து நிறுத்துங்கள். எண்ணெய் பின்னோக்கி வழிந்து பிடிக்கட்டையில் ஊறாது. ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு போதும். நுரைப்பெட்டியிலும் தோலுறையிலும் நீண்ட நாள் வைத்தால் இரண்டுமே ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். அளந்த வார்ப்பின் எண்கள், ஈய உருண்டையின் அளவு, முத்திரைப் படங்கள், விலைச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உரிமத்தின் நகலோடு சேர்த்து வையுங்கள். வார்ப்பை மட்டும் தூக்கி எறிய வேண்டாம், பெயர் எழுதிய சிறு டப்பாவில் கிடக்கட்டும்.